அப்பாவின் டைரியில் 'லாட்ஜ்': பிரம்மஞான சபை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

தையல்மிஷின் | வெள்ளி, இரவு 9:40

வணக்கம். இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதுவது முதல் தடவை.

அப்பா போய் நாலு மாதம் ஆகிறது. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பீரோவைப் போன வாரம்தான் ஒழித்தோம். பழைய டைரிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றிலும் வியாழக்கிழமைப் பக்கத்தில் ஒரே வரி: "மாலை 6, லாட்ஜ்." அம்மா அதைப் படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடமாக வியாழன் சாயங்காலம் "கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் போவார். தொழிற்சங்கக் கூட்டம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். ஓய்வு பெற்ற பிறகும் என்ன சங்கக் கூட்டம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்புறம் அடித்தட்டில், ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு சான்றிதழ். தன் வாலைத் தானே கவ்வும் பாம்பு, உள்ளே பின்னிய இரண்டு முக்கோணம், மேலே ஓம். "சத்தியத்தைவிட உயர்ந்த மதம் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி. பிரம்மஞான சபை உறுப்பினர்.

அப்பா திருநீறு பூசாமல் வாசல் தாண்ட மாட்டார். வருடம் தவறாமல் பழனி போவார். இது என்ன, வேறு மதமா? ரகசியக் கூட்டமா? "உங்கப்பா மதம் மாறிட்டாரா?" என்று அம்மா கேட்கிறாள். என்ன சொல்ல?

மூன்றாம்_தெரு | வெள்ளி, இரவு 9:58

முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லுங்கள்: ரூம் போடுகிற லாட்ஜ் இல்லை! அவர்களுடைய கிளைக்குப் பெயர்தான் லாட்ஜ். ஃப்ரீமேசன்கள் என்ற பழைய சகோதர அமைப்புக்காரர்களும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பழைய_தாள் | வெள்ளி, இரவு 11:15

தங்கைக்கு வணக்கம். அப்பா மதம் மாறவில்லை, நிம்மதியாக இருங்கள். அந்தச் சபையில் சேர மதம் மாற வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் சொல்லும் நோக்கங்கள் மூன்று. இனம், மதம், சாதி, ஆண் பெண், நிறம் பார்க்காத சகோதரத்துவம் ஒன்று. மதங்களையும் தத்துவங்களையும் அறிவியலையும் ஒப்பிட்டுப் படிப்பது ஒன்று. இயற்கையிலும் மனிதனுக்குள்ளும் மறைந்திருக்கும் ஆற்றல்களை ஆராய்வது ஒன்று. திருநீறு பூசிக்கொண்டே போகலாம், பழனியும் போகலாம்.

சபை தொடங்கியது 1875 நவம்பரில், நியூயார்க்கில். ருஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார், அமெரிக்கரான கர்னல் ஆல்காட், வக்கீல் ஜட்ஜ் மூவரும் முக்கியமானவர்கள். (வக்கீலின் பெயரே ஜட்ஜ். நான் வேண்டுமென்று எழுதவில்லை.) முதல் இருவரும் 1879-ல் பம்பாய் வந்து இறங்கினார்கள், 1882 கடைசியில் அடையாற்றுக்கு வந்தார்கள். இன்றைக்கும் தலைமையகம் அங்கேதான், 250 ஏக்கருக்கு மேல். அந்தப் பெரிய ஆலமரம் அவர்களுடைய தோட்டத்தில்தான் இருக்கிறது. தாய்மரம் 1989-ல் காற்றில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. 1886-ல் ஆல்காட் தொடங்கிய நூலகத்தின் ஓலைச்சுவடிகளுக்காக நானே பல முறை போயிருக்கிறேன்.

மதம் மாறிய கதையும் அங்கே உண்டு, ஆனால் திசை வேறு. ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் 1880-ல் இலங்கையில் காலியில் பஞ்சசீலம் ஏற்று பௌத்தர்கள் ஆனார்கள். 1898-ல் நம் அயோத்திதாசப் பண்டிதரைக் கொழும்புக்கு அழைத்துப் போனவர் ஆல்காட்தான். பண்டிதர் அங்கே பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி வந்து, அதே ஆண்டு இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல் வரை அதற்குக் கிளைகள் இருந்தன. நியூயார்க்கில் தொடங்கியதன் ஒரு கண்ணி இராயப்பேட்டைச் சேரிக்குள் வந்து நின்றது என்பதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

சந்தேகப்பிராணி | சனி, காலை 7:05

பழைய_தாள் ஐயா நல்ல பக்கத்தை மட்டும் காட்டிவிட்டார். மறுபக்கத்தை நான் காட்டுகிறேன்.

பிளாவட்ஸ்கி அம்மையாருக்கு இமயத்துக்கு அப்பால் இருக்கும் மகாத்மாக்களிடமிருந்து கடிதம் வரும். தபாலில் வராது (உங்கள் அப்பா மன்னிக்கட்டும்), கூரையிலிருந்து விழும், அல்லது அடையாற்று வீட்டில் இருந்த ஓர் அலமாரிக்குள் தோன்றும். அந்த வீட்டில் வேலை பார்த்த எம்மா கூலோம் என்ற பெண்மணி, அலமாரிக்குப் பின்னால் நகரும் பலகை இருக்கிறது, எல்லாம் செட்டப் என்று சொல்லிவிட்டார். அம்மையார் தனக்கு எழுதியவை என்று அவர் கொடுத்த கடிதங்களை, 1884 செப்டம்பரில் மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரிப் பத்திரிகை அச்சிட்டது. ஆவி, அற்புதம் போன்றவற்றை ஆராய லண்டனில் இருந்த ஒரு கழகம் ஹாட்ஜ்சன் என்பவரை அனுப்பியது. 1885-ல் வந்த அறிக்கை அம்மையாரை மோசடிக்காரி என்றது. அந்த வருடம் மார்ச் மாதம் கப்பல் ஏறியவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

இதற்குப் பிறகும் சபை வளர்ந்தது பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பழைய_தாள் | சனி, காலை 8:30

தம்பி சொன்னது நடந்ததுதான், மறுக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1986-ல் அதே கழகத்தின் சஞ்சிகையிலேயே வெர்னான் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர், ஹாட்ஜ்சன் அறிக்கை ஒருதலைப்பட்சமானது, நம்பத்தக்கதல்ல என்று எழுதினார். அம்மையார் நிரபராதி என்று அதற்கு அர்த்தமில்லை. விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்பதோடு அவர் நின்றுகொண்டார்.

வெள்ளைத்துண்டு | சனி, மாலை 4:20

அன்பர்களுக்கு வந்தனம். நான் வடலூர்ப் பக்கத்து ஆள். இந்தச் சபையைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு செய்தி உண்டு. வள்ளலாரின் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார், மாநிலக் கல்லூரியில் தமிழ் பண்டிதராக இருந்தவர். 1882-ல் பிரம்மஞான சபையாருக்கு அவர் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். ருஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து உலக சகோதரத்துவத்தைப் போதிப்பார்கள் என்று பெருமான் முன்கூட்டியே சொல்லியிருந்தார் என்பது அதில் வரும் செய்தி. பெருமான் மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்து அறைக்குள் போனது 1874 ஜனவரி 30, தைப்பூசம். பிரம்மஞான சபை பிறந்தது மறு வருடம்.

சந்தேகப்பிராணி | சனி, மாலை 4:51

ஐயா, வாக்குமூலம் எழுதப்பட்டது 1882-ல். அந்த ருஷ்யரும் அமெரிக்கரும் பம்பாயில் இறங்கி மூன்று வருடம் ஆன பிறகு. மழை பெய்த பின் "பெய்யும் என்று அன்றைக்கே சொன்னேன்" என்பது எங்கள் தாத்தாவுக்கும் வரும்.

வெள்ளைத்துண்டு | சனி, மாலை 6:10

கேலி செய்யுங்கள், குறையில்லை. எனக்கும் அந்த வாக்குமூலம் பெரிதில்லை. பெருமான் வடலூரில் சோறு போடத் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்புதான் பெரிது. 1867 மே 23-ல் மூட்டியது. மாதப்பூசத்துக்கு நான் போவேன். விறகுப் புகை ஏறி உள்ளே சுவரெல்லாம் கறுத்திருக்கும், கண் எரியும். வரிசையில் உட்கார்ந்தால் இலை விழும், சோறு விழும். என்ன பெயர், எந்த ஊர் என்று ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவை என் பக்கத்தில் உட்கார்ந்தவர் நல்ல போதையில் இருந்தார். அவருக்கும் விழுந்தது. இரண்டாம் முறை ரசம் கேட்டார், அதுவும் விழுந்தது.

நாஞ்சில்காரன் | சனி, இரவு 8:02

அண்ணே, சோறு சரி. ஆனால் வள்ளலார் வடலூரில் கட்டிய சத்திய ஞானசபை வாசலில் "கொலை புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்" என்று எழுதியிருக்கிறதே? நான் மணக்குடிக்குப் பக்கம். மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படியென்றால் எனக்கு ஜோதி கிடையாதா?

வெள்ளைத்துண்டு | சனி, இரவு 9:15

நேர்மையான கேள்வி தம்பி. சபைக்குள் புக நிபந்தனை உண்டு, மறைக்கவில்லை. புலால் உண்பவரைப் பெருமான் "புறவினத்தார்" என்றே சொன்னார். ஆனால் அவர்களுக்கும் பசி வந்தால் ஆற்ற வேண்டும் என்றும் சொன்னார். உள்ளே போக நிபந்தனை, சாப்பிட நிபந்தனை இல்லை. உங்களுக்கு இது போதாது என்று பட்டால் அதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

எனக்கு வேறு வருத்தம் உண்டு. சடங்கு வேண்டாம், சாதி வேண்டாம், ஜோதி போதும் என்று அவர் கட்டிய சபைக்குள்ளேயே பின்னால் லிங்கம் வந்தது, பூசை வந்தது. எடுக்கச் சொல்லி 2006-ல் அறநிலையத்துறை உத்தரவு போட வேண்டியதாயிற்று. அதுவும் உயர்நீதிமன்றம் வரை போய்த்தான் நிலைத்தது. ஜோதிக்கு முன்னால் திரை ஏழு என்று அவர் வைத்தார். எட்டாவதை நாமே கட்டிக்கொண்டோம்.

நாஞ்சில்காரன் | ஞாயிறு, காலை 10:30

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தையல்மிஷின் அக்கா மன்னிக்கணும், இழை எங்கேயோ போகிறது.

ஆச்சி வீடு சாமித்தோப்புக்குப் பக்கம். அய்யா வைகுண்டர் 1809 முதல் 1851 வரை வாழ்ந்தவர். பிளாவட்ஸ்கி அம்மையார் பிறந்ததே 1831-ல். நியூயார்க்கில் சகோதரத்துவம் பேசுவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே அய்யா எல்லாச் சாதிக்கும் ஒரே கிணற்றை வைத்துவிட்டார், முந்திரிக்கிணறு. திருவிதாங்கூர் ராஜா அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்.

அய்யாவை வழிபடும் இடத்துக்குப் பதி என்று பெயர். பதிக்குள் போகும்போது ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அது மற்ற கோயிலிலும் உண்டுதானே என்பீர்கள். இங்கே துண்டை எடுத்துத் தலையில் தலைப்பாகையாகக் கட்ட வேண்டும். மற்ற இடத்தில் துண்டை இடுப்பில் கட்டச் சொல்வார்கள், இங்கே தலைக்கு ஏறும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, கட்டினால் அடி. ஆகவே சாமி முன்னால் ராஜா மாதிரி நில் என்றார் அய்யா. உள்ளே சிலை கிடையாது. கண்ணாடி, விளக்கு. அவ்வளவுதான்.

எனக்கு ஏழெட்டு வயதில் மாமா முதன்முதலாகத் தலைப்பாகை கட்டிவிட்டார். என் தலைக்கு அது பெரிசு, கண்ணை மறைத்தது. கண்ணாடியில் சாமியைத் தேடினேன், துண்டு மூடிய ஒரு பையன்தான் தெரிந்தான். "சாமி எங்க மாமா?" என்றேன். "துண்ட மேல ஏத்திட்டுப் பாருலே" என்றார்.

மூன்றாம்_தெரு | ஞாயிறு, பகல் 12:12

நாஞ்சில்காரன், அருமை. ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழி தனி மதமா, இந்து மதத்துக்குள் ஒரு பிரிவா?

நாஞ்சில்காரன் | ஞாயிறு, பகல் 12:40

ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. மாமா தனி என்பார், அத்தை "நாராயணரே அய்யா, பின்ன என்ன தனி?" என்பார். சென்சஸ்காரர்கள் வந்தால் இந்து என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் எங்களைக் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாம்_தெரு | ஞாயிறு, பகல் 1:25

நான் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. "இது மதமா" என்ற கேள்வி நம் ஊரில் கடைசியில் கோர்ட்டில்தான் வந்து நிற்கும். ஆரோவில் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டபோது, நாங்கள் மதப் பிரிவு, எங்கள் விவகாரத்தில் அரசு கைவைக்க முடியாது என்று அரவிந்தர் சொசைட்டி தரப்பு வாதாடியது. அரவிந்தர் போதித்தது தத்துவம், மதமல்ல என்று 1982-ல் உச்சநீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு. அப்புறம் ராமகிருஷ்ணா மிஷன், நாங்கள் இந்து அல்ல, தனிச் சிறுபான்மை என்று கேட்டுப் போனார்கள். இல்லை, நீங்கள் இந்துவே என்று 1995-ல் தீர்ப்பு. மதம் என்று சொல்லிக்கொண்டு போனவரை இல்லை என்று அனுப்பினார்கள், தனி மதம் என்று போனவரைப் பழைய வீட்டுக்கே அனுப்பினார்கள்.

புது வழி தேடுகிறவர்களுக்கு இது எதுவும் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நிலமும் பள்ளிக்கூடமும் உண்டியலும் வந்துவிட்டால் பொருட்டாகிவிடும்.

இட்லிக்கடை_முனை | ஞாயிறு, இரவு 10:05

எல்லாரும் நூறு வருடம் முந்தைய கதை பேசுகிறீர்கள். நான் இந்தக் காலத்துக் கதை சொல்கிறேன். அமைப்பின் பெயர் வேண்டாம். அவர்கள் சண்டைக்கு வந்தால் என்னால் சமாளிக்க முடியாது.

வேலை போய் வீட்டில் இருந்த நேரம். நண்பன் ஒருத்தன் தியான வகுப்புக்குக் கூப்பிட்டான். முதல் வகுப்பு 500 ரூபாய். உண்மையிலேயே நன்றாக இருந்தது, பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் தூங்கினேன், பொய் சொல்லக் கூடாது. இரண்டாம் நிலைக்கு 4,000. மூன்றாம் நிலைக்கு 18,000, அதுவும் நாலு நாள் மலையில் தங்கி. அக்காவின் வளையலை அடகு வைத்துப் போனேன். அங்கே நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நாலாம் நிலை எவ்வளவு?" அதற்கு அந்த ஆசிரியர் கண்ணை மூடிச் சிரித்தபடி, "இது நீங்கள் கேட்கும் கேள்வி இல்லை, உங்கள் அகங்காரம் கேட்கும் கேள்வி" என்றார். சுற்றி இருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

விட்டு வந்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் இருந்து எடுத்துவிட்டார்கள். கூப்பிட்டுப் போன நண்பன் தெருவில் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறான். பணம் போனது போகட்டும்.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, இரவு 10:31

இட்லிக்கடை, உங்கள் பதிவைப் படித்த பின் கிண்டல் வரவில்லை. வளையலை மீட்டாச்சா?

இட்லிக்கடை_முனை | ஞாயிறு, இரவு 10:33

மீட்டாச்சு. போன தீபாவளிக்கு.

பழைய_தாள் | திங்கள், காலை 6:50

இட்லிக்கடைத் தம்பியின் கதையைப் படித்துவிட்டு எனக்கு ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி ஞாபகம் வந்தது. 1909-ல் அடையாற்றுக் கடற்கரையில், பிரம்மஞான சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் கண்ணில் பட்ட பையன். அப்பா நாராயணய்யா சபையிலேயே வேலை பார்த்த ஏழைப் பிராமணர். இவன்தான் வரப்போகும் உலக குரு என்று முடிவு கட்டி, 1911-ல் அவனுக்காகவே கீழ்த்திசை நட்சத்திரச் சங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள், பையனுக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று அப்பா, அப்போது சபைத் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் மேல் வழக்குப் போட்டு மெட்ராஸில் ஜெயித்தார். பெசன்ட் அம்மையார் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1914-ல் அதை மாற்றிக்கொண்டு வந்தார். பாரதியார் அம்மையாரைக் கிண்டல் செய்து ஆங்கிலத்திலேயே 'பொன்வால் நரி' என்று ஒரு கதை எழுதியதும் அந்தக் காலத்தில்தான்.

அப்படி வளர்த்த பிள்ளை 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில், ஓமன் என்ற ஊரில், பெசன்ட் அம்மையாரும் மூவாயிரம் பேரும் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்றார். உண்மைக்குப் பாதை கிடையாது, எந்த மதத்தாலும் சங்கத்தாலும் அங்கே கூட்டிப்போக முடியாது என்று சொல்லிச் சங்கத்தைக் கலைத்துவிட்டார். தமக்கென்று வந்த நிலங்களையும் கொடுத்தவர்களுக்கே திருப்பினார். உலக குரு பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஆளை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சந்தேகப்பிராணி | திங்கள், காலை 7:20

சங்கத்தைக் கலைத்தார், சரி. அப்புறமும் அறுபது வருடம் போல ஊர் ஊராக மேடையில் உட்கார்ந்து "நான் குரு இல்லை" என்று பேசினார், அதைக் கேட்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்களே! அறக்கட்டளைகளும் முளைத்தன. ஆனாலும் அவரைப் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். நாலாம் நிலை எவ்வளவு என்று அவரிடம் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

மூன்றாம்_தெரு | திங்கள், காலை 9:00

தையல்மிஷின் எங்கே? கேள்வி கேட்டவரையே காணோம். நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தையல்மிஷின் | வியாழன், இரவு 10:48

இங்கேதான் இருக்கிறேன், எல்லாவற்றையும் படித்தேன். சிலதை அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். நாஞ்சில்காரன் தம்பியின் துண்டுக் கதைக்கு அம்மா சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

டைரியின் பின்னட்டையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் வயதானவர், அப்பா பெயரைச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை. நாலு மாதமாக ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை. வீட்டு முகவரியும் யாரிடமும் கிடையாது.

இன்று மாலை 6 மணிக்குப் போனேன். பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால், மாவு மில்லுக்கு மாடியில் ஒரு நீள அறை. கீழே மில் ஓடும்போது தரை அதிர்கிறது. ஏழு பேர் இருந்தார்கள், அறுபதுக்குக் கீழே ஒருத்தரும் இல்லை. ஒருவர் முஸ்லிம் பெரியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிளாவட்ஸ்கி, ஆல்காட், பெசன்ட் படங்கள் மாட்டியிருந்தன. எந்தப் படத்துக்கும் பூ இல்லை. மகாத்மா கடிதம் ஏதாவது விழுமா என்று கூரையையும் ஒரு தடவை பார்த்தேன், சந்தேகப்பிராணி சாருக்காக. பல்லிதான் இருந்தது.

அவர்கள் செய்வது என்னவென்றால், ஒரு புத்தகத்தை எடுத்து ஒருவர் ஒரு பத்தி வாசிக்கிறார், மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பாதி நேரம் ஒத்துப்போகவில்லை. கணக்கு வாத்தியார் மறுபிறவியே இல்லை என்று அடித்துச் சொன்னார். முப்பது வருடமாக அதையேதான் சொல்கிறாராம். அப்பா அவரோடு வாரா வாரம் சண்டை போடுவாராம். வீட்டில் அப்பா குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை.

இட்லிக்கடை அண்ணா கேட்டதை நானும் கேட்டேன், எவ்வளவு கட்டணம் என்று. ஆண்டுச் சந்தா சொன்னார்கள், எங்கள் வீட்டு மாதக் கேபிள் பில்லைவிடக் குறைவு. சேரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயந்திருப்பேன், கேட்காததும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இது என்ன மனசோ.

கிளம்பும்போது வாத்தியார் அப்பாவின் கண்ணாடிக் கூடு ஒன்றைக் கொடுத்தார், அங்கேயே வைத்திருப்பாராம். வீட்டில் ஒரு வாரம் தேடி, தொலைந்ததென்று நினைத்து வேறு வாங்கிக் கொடுத்தோமே, அது.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மதம், பாம்பு, முக்கோணம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பொம்பளைங்க யாராவது வர்றாங்களா?" என்றாள். ஏழில் இரண்டு பேர் பெண்கள் என்றேன். "என்ன பேசிக்குவாங்க?" என்றாள். இன்றைக்கு விவாதம் கர்மா பற்றி என்றேன்.

"அதப் பத்திப் பேச அங்க போகணுமா, என்னக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம்_தெரு | வியாழன், இரவு 11:02

அடுத்த வியாழன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாத்தியார் பாடு திண்டாட்டம்தான்.

தையல்மிஷின் | வெள்ளி, காலை 6:15

காலையில் எழுந்ததும் கேட்டாள், அந்த மாடிப்படி செங்குத்தாக இருக்குமா, அவள் முழங்காலுக்கு ஆகுமா என்று. பதினெட்டுப் படி. எண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.